நெடுஞ்சாலையில் மட்டும் நின்றுபோகும் மாருதி 800: கார்புரேட்டரா, பம்பா, வேறு எதுவா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்திருந்த 1994 மாடல் மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த வண்டி. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக இருக்கிறது, ஊருக்குள் எந்தத் தொந்தரவும் இல்லை. நெடுஞ்சாலையில் 60, 70 வேகத்தில் இருபது கிலோமீட்டர் போனதும் வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிடுகிறது. ஓரமாகப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் எதுவுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டர் கிட் மாற்றினார், பிளக் மாற்றினார், இப்போது புது கார்புரேட்டரே போட்டுவிடலாம் என்கிறார். கார்புரேட்டரை மாற்றுவதா, பெட்ரோல் பம்பை மாற்றுவதா என்பது உங்கள் கேள்வி.

எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றுதான். வண்டி நிற்கும் அந்த நேரத்தில் கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில், அதாவது அதற்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறிய தொட்டியில், பெட்ரோல் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் டேங்க், குழாய், பம்பு எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. இல்லை என்றால் கார்புரேட்டரைக் கழுவி என்ன, புதிதாக வாங்கி என்ன, வண்டி அதே இருபதாவது கிலோமீட்டரில் நிற்கும். இதுவரை உங்கள் வண்டியில் யாரும் இதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் பட்டறைக்கு வந்து சேரும்போது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நான் ஐ.டி.ஐ. முடித்து முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவன். நன்றாக ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு கோளாறு தேடுவதுபோல் பணத்தை வீணாக்கும் வேலை வேறில்லை.

ஊருக்குள் ஏன் ஓடுகிறது, வெளியே ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 55 மில்லி பெட்ரோல் குடிக்கும். 60 வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆக நிமிடத்துக்கு 55 மில்லி. அதே எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்குப் பத்து மில்லி அளவில்தான் எடுக்கும். ஃப்ளோட் அறையில் இருப்பதோ அரை டம்ளர் காபி அளவுகூட இல்லை. வழியில் எங்காவது பாதி அடைப்பு இருந்து நிமிடத்துக்கு முப்பது, நாற்பது மில்லிதான் வருகிறது என்று வையுங்கள். ஊருக்குள் அது தாராளம். நெடுஞ்சாலையில் ஃப்ளோட் அறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு கட்டத்தில் வறண்டுவிடும். அதனால் "ஐடிலிங் நல்லா இருக்கு, அப்போ பெட்ரோல் நல்லாத்தான் வருது" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பெட்ரோலைத் தேடிப் போகும் முன், இது பெட்ரோல் கோளாறுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டறையில் பிளக்கில் வரும் தீப்பொறியைக் கரண்ட் என்போம். அந்தக் கரண்டை உண்டாக்கும் இக்னிஷன் காயில் (coil) சூடேறினால் கரண்டை விட்டுவிட்டு, ஆறினதும் மறுபடி கொடுக்கும் வழக்கம் உண்டு. கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வைத்ததாக இருந்தால், அதிலுள்ள கண்டென்சரும் இதையே செய்யும். உங்கள் வண்டியின் அறிகுறியும் இதுவேதான். கரண்ட் போனால் சுவிட்சை அணைத்தது போல வண்டி சட்டென்று செத்துவிடும், பெட்ரோல் போதாமல் போனால் திணறி, இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டரை விட்டால் கொஞ்சம் தேறி, மறுபடி மிதித்தால் மறுபடி திணறி நிற்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். நீங்கள் சொல்லும் "வெட்டி வெட்டி இழுத்து" பெட்ரோல் பக்கம்தான் கை காட்டுகிறது. ஆனாலும் சாகப்போகும் காயில் விட்டு விட்டு அடித்து இதேபோல வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்பதும் எதையும் தீர்மானிக்காது. காயில் ஆற அந்த நேரம் போதும், டேங்க் வடிகட்டியில் ஒட்டிய குப்பை கீழே விழவும் போதும், டேங்க் மூடி வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே கசியவும் போதும். மூன்றும் ஒரே வேஷம் போடும்.

அதனால் வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். அடுத்த முறை நிற்கும்போது பத்து நிமிடம் காத்திருக்காமல், பாதுகாப்பாக ஓரங்கட்டி, சாவியை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கும் நெம்புகோலைக் கையால் சட்டென்று இரண்டு மூன்று முறை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் மெல்லிய ஊசித் தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது, அப்போது கரண்டையோ, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான மெயின் ஜெட்டையோ பாருங்கள். முதல் இழுப்பில் மட்டும் சொட்டிவிட்டு வறண்டால், அல்லது ஒன்றுமே வராவிட்டால் அறை காலி. இந்தச் சோதனையை வீட்டில் நன்றாக ஓடும் வண்டியில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். கார்புரேட்டருக்குள் இருந்து அந்தத் தாரையைப் பீச்சும் ஆக்ஸிலேட்டர் பம்பின் சிறிய ரப்பர் கிழிந்திருந்தால் அறை நிறைய பெட்ரோல் இருந்தாலும் தாரை வராது. அது முன்பே தெரியாவிட்டால் நீங்கள் தப்பான முடிவுக்கு வருவீர்கள். கூடவே ஒரு பழைய பிளக் வைத்துக்கொண்டால் கரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் கழற்றிய ஏர் ஃபில்டர் மூடியை முதலில் மாட்டிவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாகப் பிளக்கை எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது.

இன்னொரு சோதனையை ஓட்டிக்கொண்டே செய்யலாம். வெட்ட ஆரம்பித்ததும், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுங்கள். வண்டி உடனே தேறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. இன்னும் மோசமானால் பெட்ரோல் கூடுதலாக இருக்கிறது, அல்லது கரண்ட் கோளாறு. எந்த மாற்றமும் இல்லை என்றால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஃப்ளோட் அறை முழுக்கக் காலியான பின் சோக்கை இழுத்தும் பயனில்லை, அதனால் முதல் வெட்டிலேயே இழுக்க வேண்டும்.

அறை காலிதான் என்று தெரிந்துவிட்டால் பெட்ரோல் வரும் வழியில் டேங்கிலிருந்து நடந்து வாருங்கள். மெக்கானிக்குகளில் பலர் கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கிப் போவார்கள். கை எட்டும் இடம் அது என்பதுதான் காரணம். என் அனுபவத்தில், வேகத்தில் மட்டும் நிற்கும் பழைய வண்டிகளில் கோளாறு அதிகம் இருப்பது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்கான வழி மூடியிலோ தனி ரப்பர் குழாயிலோ இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிகளில் குளவி மண் வைத்து அந்தக் குழாயை அடைத்திருந்ததைப் பலமுறை எடுத்திருக்கிறேன். பழைய மூடி தொலைந்து வேறு வண்டியின் மூடியை மாட்டியிருந்தாலும் இதே கதைதான். சோதனைக்குக் காசே வேண்டாம். வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆகி ஓடினால் முடிந்தது வேலை. வெயிலில் காற்று வெளியே வரும் சத்தமும் கேட்கலாம், அது ஆவி அழுத்தம், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது டேங்குக்குள் உள்ள குழாயின் நுனி வடிகட்டி. முப்பது வருட டேங்கில் துரு இருக்கும். அதிகம் ஓடாத வண்டியில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். மெதுவாக ஓட்டும்போது துரு அடியில் கிடக்கும், வேகமாக இழுக்கும்போது வடிகட்டியில் வந்து ஒட்டும், நின்றதும் உதிர்ந்துவிடும். இதேபோல நின்று நின்று போன ஒரு வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர் மாற்றிய பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். டேங்கை இறக்கினால் உள்ளே தகரத் துண்டு அளவுகூட துரு இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த சீல், பெட்ரோல் ஊற்றும்போது விழுந்திருக்க வேண்டும். வேகத்தில் அது இழுபட்டுக் குழாய் வாயை மூடும், வண்டி நின்றதும் மிதந்து விலகிவிடும். அந்த வண்டிக்காரர் அதற்குள் வண்டியை விற்கவே விலை பேசிவிட்டார். அன்றிலிருந்து இப்படிப்பட்ட வண்டி வந்தால் டேங்கைப் பார்க்காமல் கார்புரேட்டரில் ஸ்பேனர் வைப்பதில்லை.

டேங்கை இறக்காமல் ஒரு துப்பு வேண்டுமானால், பம்பின் உள்வரும் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குறைந்த அழுத்தக் காற்றை டேங்க் பக்கமாக ஊதுங்கள். தடையில்லாமல் உள்ளே குமிழியிடும் சத்தம் கேட்க வேண்டும். இப்படி ஊதிய பிறகு இரண்டு நாள் வண்டி பிரமாதமாக ஓடி, மூன்றாம் நாள் பழையபடி நின்றால் டேங்கில் குப்பை என்பதில் சந்தேகமே வேண்டாம். ஊதியதோடு சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், குப்பை எங்கும் போகவில்லை. ஒருபோதும் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்ச வேண்டாம். பட்டறைகளில் பையன்கள் இன்னும் செய்கிறார்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டு போய்விடும்.

பிறகு ரப்பர் ஹோஸ்கள். டேங்கிலிருந்து பம்பு வரை உள்ளது உறிஞ்சும் பக்கம். இங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகலாம். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லையே" என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வளைத்துப் பாருங்கள், சுருக்கம் சுருக்கமாக வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே ஊறி உப்பியோ, உள்தோல் உரிந்து நாக்குப் போலத் தொங்கியோ இருக்கும். 2023இலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. 1994இல் போட்ட ரப்பரும், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் அதை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. புது ஹோஸ் வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்குப் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டாதீர்கள், சில மாதத்தில் கல்லாகிவிடும்.

எத்தனால் பற்றி இன்னொரு வார்த்தை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் பழைய அளவு ஜெட்டில் புது பெட்ரோல் போகும்போது கலவை கொஞ்சம் மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இதை உணர்ந்து சரிசெய்துகொள்ளும் அறிவு கிடையாது. இழுவை சற்றுக் குறைவது, குளிரில் சோக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால் வரலாம். உங்கள் வண்டி நின்றே போவதற்கு இது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எத்தனால் ஈரத்தை உள்வாங்கி, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

பெட்ரோல் பம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினிலேயே மாட்டியிருக்கும், கேம் ஷாஃப்ட் தள்ளி இயக்கும் எளிய டயாஃப்ரம் பம்பு. உங்கள் வண்டியில் அதற்கு மூன்று குழாய்: டேங்கிலிருந்து வருவது, கார்புரேட்டருக்குப் போவது, மிச்சத்தை டேங்குக்குத் திருப்புவது. காயிலுக்கு வரும் சிறிய ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் துடித்துத் துடித்துப் பலமாகக் கொட்ட வேண்டும். கொட்டுவதில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று எடுக்கிறது. இந்தச் சோதனையில் தோற்றால் பம்போ அதற்கு முந்தைய வழியோ கெட்டது உறுதி. ஜெயித்தால் பம்பு நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம் நெடுஞ்சாலை வேகம் அல்ல. கட்டாயம் பார்க்க வேண்டியது ஆயில் குச்சி. ஆயில் அளவு தானாக ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அப்படியானால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். பேரிங் போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதை, வேப்பர் லாக் என்பதை, யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். இருக்கக்கூடியதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் மலையேறிவிட்டு நிறுத்தினாலோ, நெரிசலில் ஊர்ந்தாலோ வரும். ஆனால் எதிர்க்காற்று அடித்துக்கொண்டே சீராக 60இல் போகும்போது வருவது குறைவு. பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டதும் தேறினால் அதை நம்பலாம். அப்போதும் எதனால் வந்தது என்று பாருங்கள். திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம், கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புக் கட்டையை யாராவது எடுத்துவிட்டிருக்கலாம். பம்புக்கு முந்தைய வழியில் அடைப்பு இருந்து பம்பு பலமாக உறிஞ்ச வேண்டியிருந்தாலும் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், ஆகவே இதுவும் சில சமயம் நம்மை டேங்குக்கே அழைத்துப் போகும்.

கார்புரேட்டர் பக்கம் இரண்டே இடம் சொல்கிறேன். ஹோஸ் வந்து சேரும் நட்டுக்குள் சில கார்புரேட்டர்களில் சிறிய வலை இருக்கும். கிட் மாற்றுபவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அடுத்தது ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வு, அது மூடியபடி சிக்கிக்கொண்டால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகாது. வண்டி நின்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் ஃப்ளோட் அறையின் மேல் மெல்லத் தட்டி, பிறகு ஸ்டார்ட் செய்ததும் ஓடினால் அதைச் சந்தேகிக்கலாம். கிட்டில் வரும் மலிவான நீடில் வால்வுகள் இந்தத் தொல்லையைப் புதிதாகக் கொண்டுவருவதும் உண்டு. கிட் மாற்றிய பிறகு கோளாறு அதிகமானதா என்று யோசித்துப் பாருங்கள். மெயின் ஜெட் அடைப்பு என்றால் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துச் சரியாவது அபூர்வம். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்த அனுமதிக்காதீர்கள். மெல்லிய பித்தளைத் துளை, ஒருமுறை அகன்றால் அகன்றதுதான். தூண்டில் நரம்பும் காற்றும் போதும்.

இத்தனைக்கும் பிறகு தெளிவு வரவில்லை என்றால் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் குறைந்த அழுத்தம் காட்டும் சிறிய கேஜ். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் டி வடிவ இணைப்பு போட்டு, நீள ஹோஸில் கேஜை மாட்டி, பானெட் இடுக்கு வழியாக எடுத்து, முன் கண்ணாடிக்கு வெளிப்புறம் டேப்பால் ஒட்டுங்கள். பெட்ரோல் உள்ள ஹோஸ் வண்டிக்குள் வரவே கூடாது, கிளாம்ப் இல்லாமல் ஒரு இணைப்பும் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். சின்ன கார்களில் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. (psi) சுற்றுவட்டாரத்தில் நிற்கும், திரும்பும் குழாய் உள்ளதால் சற்றுக் குறைவாகவும் காட்டலாம். எண் முக்கியமில்லை. வெட்ட ஆரம்பிக்கும் முன் முள் இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இறங்கினால் பம்பு அல்லது அதற்கு முந்தைய வழி. இறங்காமல் நிலையாக நிற்க வண்டி மட்டும் வெட்டினால் நீடில் வால்வு, ஜெட், அல்லது கரண்ட்.

வேலை செய்யும் இடத்தில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பது, தீயணைப்பான் பக்கத்தில் இருப்பது, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சிந்தாமல் பார்ப்பது இவற்றில் தளர்வு வேண்டாம். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யச் சொல்பவர்களைத் தடுத்துவிடுங்கள். பின்னோக்கி ஒரு வெடிப்பு வந்தால் கையும் முகமும் போய்விடும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இன்றே டேங்க் மூடியைச் சோதித்து, ஹோஸ்களையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றி, அப்புறம் டேங்கை இறக்கிக் கழுவுவேன். வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டரைக் கடைசி வரை யாருக்கும் கொடுக்கமாட்டேன். சந்தையில் கிடைக்கும் டூப்ளிகேட்களில் ஜெட் எண் ஒன்று இருக்கும், துளை வேறாக இருக்கும். தேய்ந்த ஒரிஜினலைச் சரிசெய்வது அந்த டூப்ளிகேட்டை ஓட வைப்பதைவிடப் பெரும்பாலும் எளிது.